அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்று நம்பிப் பாங்காக் போன கதை

2024 நவம்பர் 13ஆம் தேதி மாலை நாலரை மணியிலிருந்து ஏழரை மணி வரை, பாங்காக்கில் சாவோ பிரயா ஆற்றங்கரையில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலின் லாபியில், பெட்டியை முழங்காலோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆளுயரப் பூச்சாடி இருந்தது, முகம் தெரியும் பளிங்குத் தரை இருந்தது, கண்ணாடிக்கு அப்பால் ஆறு இருந்தது. எனக்கு அறைதான் இல்லை. நான்கு இரவுகளுக்கான முழுப் பணமும் இரண்டு மாதங்களுக்கு முன்பே கட்டியாகிவிட்டது. அப்படியும் சாவி கைக்கு வரவில்லை. அறுபத்தொரு வயதில் முதல் வெளிநாட்டுப் பயணம், துணைக்கு ஆளில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவள் ஊர் பேர் தெரியாத இடத்தில் அழுவதா என்ற வீம்பு ஒன்றுதான் அன்று என் கண்ணீரை நிறுத்தியது. போவதற்கு முன் யாராவது பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது.

உண்மையில் அது என் அக்காவும் நானும் சேர்ந்து போக வேண்டிய பயணம். அக்காவின் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். "இரண்டு பேரும் மாயவரத்தை விட்டு எங்கேயாவது போய் வாருங்கள், சித்தி" என்று சொல்லி, அவனுடைய கிரெடிட் கார்டில், அக்காவின் பெயரில் அறையைப் பதிவு செய்தான். விலை குறைவு என்பதால் ரத்து செய்தால் பணம் திரும்பாத வகையைத் தேர்ந்தெடுத்திருந்தான். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அக்கா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, "பணம் வீணாகக் கூடாது, நீயாவது போய் வா" என்றாள். போனேன். பதிவில் யார் பெயர் இருக்கிறது, யார் கார்டு இருக்கிறது என்று அந்தக் கலவரத்தில் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வரை வந்தது எளிதுதான். சுவர்ணபூமியில் ரயில் ஏறி, தாய்லாந்துப் பணம் 45 பாட் கொடுத்துப் பாயா தாய், அங்கிருந்து மேம்பால ரயில், சியாமில் வண்டி மாறி சபான் தக்சின், கீழே இறங்கினால் சாத்தோன் படகுத்துறை, அங்கே ஹோட்டலின் இலவசப் படகு. பையன் தாளில் எழுதிக் கொடுத்திருந்தது பிசகவில்லை. பிசகியது கவுன்டரில். அங்கிருந்த பெண் என் பாஸ்போர்ட்டை வாங்கி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருந்த என் அப்பாவின் பெயரைக் கணினியில் தேடினாள். அந்தப் பெயரில் பதிவே இல்லை என்றாள். பையன் எங்கள் இருவர் பெயரையும் ஊரில் எழுதுகிற மாதிரி இனிஷியலோடு போட்டிருந்தான். அந்தப் படிவமோ இனிஷியலையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டிருந்தது. அதிலும் முதல் பெயர் அக்காவுடையது. நூற்றுக்கணக்கான அறைகள் உள்ள இடத்தில் ஒற்றை எழுத்தை வைத்து யார் தேடுவார்கள்? பிறகு அங்கிருந்த நான்கு நாளும் எல்லாரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இராமேசுவரத்தைத் தாண்டாமல் செத்துப்போன மனிதர், பாங்காக்கில் தினமும் காலைச் சிற்றுண்டிக்கு வரவேற்கப்பட்டார்.

பதிவு கிடைத்ததும் அடுத்த சிக்கல். பெயருக்குரியவர் எங்கே? மாயவரத்தில், கட்டிலில். பணம் கட்டிய கார்டு எங்கே? பெங்களூரில். கார்டின் சொந்தக்காரர் நேரில் இல்லையென்றால், அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும், அவருடைய அடையாள அட்டை நகலும், இலக்கங்களை மறைத்த கார்டின் படமும் வேண்டும் என்றார்கள். திருட்டுக் கார்டில் அறை எடுப்பவர்களைத் தடுப்பதற்கான விதி அது. அவர்கள் மேல் குற்றமில்லை என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. பையன் ஏதோ கூட்டத்தில் இருந்தான். நம் ஊர் நேரம் ஒன்றரை மணி பின்னால். அக்காவுக்கு, பையனுக்கு, மறுபடி அக்காவுக்கு என்று நான் பேசிய பேச்சுக்கு மட்டும் ரோமிங்கில் 1,850 ரூபாய் போனது. ஏழு மணிக்கு மேல்தான் படிவம் வந்து சேர்ந்தது.

ஆகவே அறையை வேறொருவர் பதிவு செய்து கொடுத்தால், தங்கப்போகும் எல்லாருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளோடு, இனிஷியல் விரித்து, பதிவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டு வேறொருவருடையது என்றால், அந்த ஒப்புதல் படிவத்தை ஹோட்டலுக்கு எழுதிக் கேட்டுப் புறப்படுவதற்கு முன்பே அனுப்பிவிட்டு, கிடைத்தது என்று அவர்கள் பதில் எழுதியதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு பதிவுத் தளம் இருந்தால் அவர்களிடம் மட்டும் சொல்வது போதாது. அன்று எங்கள் பையன் பதிவுத் தளத்துக்குத் தகவல் அனுப்பினான். ஹோட்டலின் கணினிக்கு அது வந்து சேரவே இல்லை.

ஒருவழியாக முடிந்தது என்று எழுந்து நின்றபோது, "டெபாசிட்?" என்று கவுன்டர் பெண் சிரித்தபடி கேட்டாள். ஓர் இரவுக்கு 3,000 பாட், நான்கு இரவுக்கு 12,000. அறையில் எதையாவது உடைத்தால், சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் போனால் பிடித்துக்கொள்வதற்காக. பதிவு உறுதிப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இது இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. என்னிடம் கிரெடிட் கார்டு கிடையாது. ஊரில் வங்கியில் 26,000 பாட் ஏற்றிய பயணக் கார்டு ஒன்றும், ரொக்கமாக 4,000 பாட்டும்தான் என் மொத்த ஆஸ்தி. கார்டை நீட்டினேன். இயந்திரம் ஏதோ முனகிவிட்டு, நிராகரிக்கப்பட்டது என்று சீட்டு துப்பியது. மறுபடி செருகினாள், போனது. முதல் சீட்டை அவளே கசக்கிக் குப்பையில் போட்டாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அறைக்கு வந்து போனைப் பார்த்தால் கார்டில் மீதி 2,000 பாட். இரண்டு முறையும் பணம் முடங்கியிருந்தது. போகவில்லை, முடங்கியிருக்கிறது என்று அன்றிரவே கவுன்டரில் விளக்கினார்கள். எடுக்க முடியாத பணம் எங்கே இருந்தால் எனக்கென்ன?

இந்தப் பணத்தின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். கிரெடிட் கார்டில் டெபாசிட் பிடித்தால் உங்கள் கடன் வரம்பில்தான் அந்தத் தொகை குறையும். கைப்பணம் அப்படியே இருக்கும். டெபிட் கார்டிலோ, முன்கூட்டிப் பணம் ஏற்றிய கார்டிலோ பிடித்தால் உங்கள் சொந்தப் பணமே அடைபட்டுவிடும். ஹோட்டல் தன் பக்கம் விடுவித்தாலும், கார்டு கொடுத்த வங்கி தன் கணக்கில் விடுவிக்கும்வரை அது வராது. 17ஆம் தேதி நான் அறையைக் காலி செய்தேன். ஒரு 12,000 நவம்பர் 29 அன்று வந்தது. மற்ற 12,000, அந்தக் குப்பைக்குப் போன சீட்டின் 12,000, டிசம்பர் 11 அன்றுதான் வந்தது, கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு. வங்கியில் ஒவ்வொரு முறையும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சீட்டில் இருக்கும் அனுமதி எண் என்ன? அதனால், நிராகரிக்கப்பட்டது என்று வரும் சீட்டையும் கேட்டு வாங்கிப் பையில் போடுங்கள். இரண்டாம் முறை கார்டைச் செருகுவதற்கு முன் போனில் மீதியைப் பாருங்கள். காலி செய்யும்போது, டெபாசிட் விடுவிக்கப்பட்டது என்று அனுமதி எண்ணோடு ஒரு கடிதம் கேளுங்கள். நான் கேட்காததால் அதை மின்னஞ்சலில் வாங்க எட்டு நாள் ஆனது. ரொக்கமாக டெபாசிட் வாங்கிக்கொள்வார்களா என்றும் முன்பே கேட்டு வைக்கலாம். ரொக்கம் கொடுத்தால் போகும் அன்றே கையில் கிடைத்துவிடும். கடைசியில் செலவழிக்காத 24,000 பாட்டை ரூபாயாக மாற்றியபோது, பாட் ஒன்று 2.52க்கு வாங்கியதை 2.38க்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த வகையில் நட்டம் 3,360 ரூபாய். கணக்கு டீச்சர் என்பதால் சுருக்கென்றது.

அறை நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "ஓரளவு ஆறு தெரியும்" என்ற வகை. அதாவது ஜன்னலோடு கன்னத்தை ஒட்டி வைத்தால் ஆறு தெரியும். அந்த ஓரளவுக்குப் பையன் இரவுக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறான். ஆறு முழுசாகத் தெரியும் அறை என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நாலாவது மாடியில் இருந்தபோது உணர்ந்தேன்: இரவு விருந்துப் படகுகள் பத்து மணி வரை பாட்டும் விளக்குமாகப் போகின்றன, நீள்வால் படகுகள் லாரி இன்ஜின் சத்தத்தோடு கிழித்துக்கொண்டு போகின்றன. தூக்கம் முக்கியம் என்றால் மேல்மாடி கேளுங்கள். ஆனால் விடிகாலையில் கீழே படகுத்துறையில் போய் நின்றால் எல்லா எரிச்சலும் கொஞ்சம் இறங்கிவிடும். மணல் ஏற்றிய பெரிய தெப்பங்களை ஒரு சின்னப் படகு கோத்து இழுத்துக்கொண்டு போகும். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து போகும். முதல் நாள் மாலை தெற்கே போனது, மறுநாள் காலை வடக்கே போனது. எனக்குத்தான் திசை குழம்பிவிட்டதோ என்று பயந்தேன். கடல் அருகில் இருப்பதால் ஏற்றத்தில் ஆறே திரும்பி ஓடுகிறது என்று படகுக்காரர் கையால் காட்டிப் புரிய வைத்தார். காவிரி ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை.

கையில் 6,000 பாட்டுக்குள் நான்கு நாள் என்று ஆனதும் என் ஊர்ப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. ஹோட்டல் உணவகத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். சேவைக் கட்டணம் பத்து சதவீதம், அதையும் சேர்த்த தொகைக்கு ஏழு சதவீத வரி; 290 என்று இருக்கும் காய்கறிச் சோறு 341 ஆகிவிடும். ஒரே ஒரு முறை சாப்பிட்டேன். பிறகு காலையில் ஹோட்டலின் சிற்றுண்டியை வயிறு முட்டச் சாப்பிடுவது, மாலையில் வெளியே பார்த்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'ஜே' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து உள்ள கடை என்றால் மீன் சாறுகூடச் சேர்க்க மாட்டார்கள். அறையில் இலவசத் தண்ணீர் இரண்டு பாட்டில்தான், மற்றது விலைக்கு. கார்டில் மிஞ்சியிருந்ததை ஏடிஎம்மில் எடுத்தால் வெளிநாட்டுக் கார்டுக்கு அப்போது 220 பாட் கட்டணம் பிடித்தார்கள், எடுப்பது ஆயிரமானாலும் இருபதாயிரமானாலும் அதே 220. அயுத்தயா போகும் திட்டத்தை, ஹோட்டலில் 2,200 பாட் சொன்னதால், கைவிட்டேன். சாதாரண ரயிலில் சில பத்து பாட்டுக்குள் போய்வரலாம் என்று ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதுதான் இன்றுவரை ஆறாத வருத்தம்.

15ஆம் தேதி வெள்ளிக்கிழமை. ஊரில் ஐப்பசிக் கடைசி நாள், கடைமுகம். காவிரியின் துலாக் கட்டத்தில் ஊரே குளிக்கும். அன்றே ஐப்பசிப் பௌர்ணமியும் சேர்ந்து வந்ததால் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். பாங்காக்கிலோ அன்றைக்கு லோய் கிராதோங் பண்டிகை. வாழைத்தண்டை வட்டமாக வெட்டி, வாழையிலை மடித்துச் சுற்றி, பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் வைத்த கிராதோங்கை ஆற்றில் விடுகிறார்கள். ஆற்றை அழுக்காக்கியதற்கு 'மே கோங்கா'விடம் மன்னிப்புக் கேட்பதாம். கோங்கா என்றால் நம் கங்கைதான். கங்கை ஐப்பசி முழுக்கக் காவிரியில் குளிக்க வருகிறாள் என்று சொல்லும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். அன்று பிற்பகல் சீலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது, உள்ளூர்க்காரர்கள் 'வாட் கேக்' என்கிறார்கள். தாய்லாந்துக்காரர்கள் தட்டு நிறையப் பூ வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். மூன்று நாளுக்குப் பிறகு நேரில் ஒருவர் என்னிடம் தமிழில் "திருநீறு எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். லாபியில் அடக்கிவைத்தது அங்கே கொட்டிவிட்டது.

ஆறு மணிக்கு மேல் சாத்தோன் படகுத்துறைக்கு நடந்து வந்தேன். வழியில் 60 பாட் கொடுத்து ஒரு கிராதோங் வாங்கினேன். ஹோட்டல் துறையிலிருந்து விடலாம் என்று எண்ணம். துறையில் மனிதக் கடல். ஹோட்டல் படகு நிற்கும் இடத்தில் கயிறு கட்டியிருந்தது. கூட்டம் காரணமாக இன்று மாலை படகு கிடையாது என்று அறிவிப்பு. அறைக் கதவடியில் காலையிலேயே ஒரு தாள் கிடந்தது நினைவுக்கு வந்தது. விளம்பரம் என்று மடித்து வைத்துவிட்டேன். அக்கரையில் என் ஹோட்டலின் பெயர் விளக்கில் மின்னிக்கொண்டிருந்தது. கல்லெறிந்தால் விழும் தூரம், போக வழியில்லை. டாக்ஸிக்காரர்கள் நான்கு பேர் மீட்டர் போட மறுத்தார்கள். ஒரு டுக்-டுக்காரர் 1,000 பாட் கேட்டு 700க்கு இறங்கினார். தக்சின் பாலத்தின் மேல் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றோம், மடியில் கிராதோங்கோடு. பாலத்தின் நடுவே, என் தலைக்குப் பக்கத்தில், மேம்பால ரயில் நான்கு நிமிடத்துக்கு ஒன்று ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

ஆம், அதுதான். சபான் தக்சினுக்கு அடுத்த நிலையம் குருங் தோன்புரி, அக்கரையில். ஒரே நிறுத்தம். அங்கிருந்து ஹோட்டலுக்கு நடையே இருபது நிமிடம்தான் என்று மறுநாள் அளந்து பார்த்தேன். ஹோட்டல் கொடுத்த வழிக்குறிப்பில் சபான் தக்சினில் இறங்கிப் படகு ஏறவும் என்று மட்டுமே இருந்தது. படகு இல்லையென்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை. பாங்காக்கில் ஆற்றங்கரை ஹோட்டல் பார்க்கிறவர்கள் முதலில் எந்தக் கரை என்று பாருங்கள். மேற்கே தோன்புரிப் பக்கம் அறை பெரிது, விலை குறைவு, எதிர்க்கரை விளக்குகள் அழகு. ஆனால் கோயில், கடை, ரயில் சந்திப்பு என்று பெரும்பாலும் கிழக்கே போக வேண்டியிருக்கும். அப்புறம் படகு எத்தனை மணிக்கு நிற்கும், எந்த நாளில் ஓடாது, படகில்லாமல் தரைவழியாக வர எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்ற மூன்றையும் முதல் நாளே கவுன்டரில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் தங்குகிறீர்கள் என்றால் கட்டாயம். ரோமிங், மாற்று விலை நட்டம், டுக்-டுக், ஏடிஎம் கட்டணம் எல்லாம் கூட்டினால் என் அறியாமைக்கு நான் கொடுத்தது சுமார் 7,500 ரூபாய். பெரும்பங்கு, ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் மிஞ்சியிருக்கும்.

ஹோட்டலுக்கு வந்தபோது ஒன்பதரை. ஆற்றோரம் ஆளுக்கொரு கோப்பையோடு விருந்து நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தனி டிக்கெட் என்று கயிற்றுக்கு இப்பால் நிறுத்திவிட்டார்கள். கிராதோங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலை ஆறு மணிக்குக் கீழே போனால், நகராட்சிப் பணியாளர்கள் படகில் நின்றுகொண்டு நேற்று விட்டவற்றை வலையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர் என் கையிலிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, துறையின் கடைசிப் படியைக் காட்டினார். மெழுகுவத்தி வளைந்திருந்தது, பூ வாடவில்லை. பற்றவைத்து விட்டேன். கடல் பக்கம் போக வேண்டியது, ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்றோடு சேர்ந்துகொண்டு வடக்கே போனது.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "இன்றைக்குக் கார்த்திகை ஒன்று, முடவன் முழுக்கு. கடைமுகத்துக்கு வர முடியாமல் போன முடவனுக்காக ஒருநாள் தள்ளி வைத்ததுதானே, உன் விளக்கும் கணக்கில் சேரும்" என்றாள். பிறகு மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று புலம்பினாள். பிறகு, "அந்தப் பன்னிரண்டாயிரம் வந்ததா?" என்றாள்.

"எந்தப் பன்னிரண்டாயிரம்?" என்றேன்.